“எங்க தேன் கெட்டதா மோளே?”

குமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை அணையைப் படகில் தாண்டினால் தோட்டமலைப் பக்கம் காணிப் பழங்குடியினரின் குடியிருப்புகள். அங்கே பிள்ளை பெற்றவர்களை 42 நாள் வரை போய்ப் பார்த்துவரும் செவிலியர் நான். தாய்-சேய் பராமரிப்பு வீடியோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன், ஒருத்தியும் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் விடியும் முன்பே ரப்பர் பால் வெட்டப் போகிறவரின் சட்டைப் பையில் போய்விடும், சிக்னல் வேறு கிடையாது. இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

சரி என்று என் போனில் இறக்கி, பிள்ளை பெற்ற ஒருத்தியின் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவள் பாட்டி அடுப்பில் வேது தண்ணீர், அதாவது இலைகள் போட்டுக் காய்ச்சும் குளியல் தண்ணீர், வைத்திருந்தார், இலை வாசம் வீடு முழுக்க. வீடியோவில் ஒரு அம்மா டவுன் தமிழில் “சேனை வைப்பது மூடப்பழக்கம்” என்று, பிறந்த பிள்ளையின் நாக்கில் தேன் தொட்டு வைப்பதைச் சொன்னதும் பாட்டி தேன் குப்பியை எடுத்துப் பரணில் வைத்துவிட்டு, “எங்க தேன் கெட்டதா மோளே?” என்று கேட்டார். மரமேறி உயிரைப் பணயம் வைத்து எடுத்த தேன் அது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை.

தேன் நல்லதுதான் பாட்டி, ஆனால் அதில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம், நம் குடல் தாங்கும், ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடல் தாங்காது, உடம்பு தளர்ந்து மூச்சே திணறலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், குப்பியை இறக்கித் தேனைத் தொட்டுப் பிள்ளை பெற்ற பேத்தியின் நாக்கில் வைத்தார், பிள்ளையை அவள் மார்பில் சேர்த்தார்.

அப்புறம் அவரையே பேச வைத்து இரண்டு நிமிடம் பதிவு செய்தேன், தமிழும் மலையாளமும் கலந்த அவர்கள் பேச்சிலேயே. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். ஒரு மணி நேரத்தில் துணி முழுக்க நனைகிற அளவு ரத்தம் போனால் 108. வேது குளி தாய்க்கு இருக்கட்டும், ஆபரேஷன் தையல் உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. நடுவில் கோழி கூவுவதும் கேட்கும். அந்தப் பதிவு ப்ளூடூத்திலேயே வீடு வீடாகப் போய், போன வாரம் படகில் ஒரு பெண் அதை எனக்கே போட்டுக் காட்டினாள்.

* * *

இதைப் படித்த இன்னொரு செவிலியர் எழுதிய பதில்: அக்கா, ஆரல்வாய்மொழியில் எங்கள் செங்கல் சூளையிலும் இதே கதைதான். ஒடிசாவிலிருந்து வந்த பெண் ஒருத்தி தடுப்பூசி அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருக்கிறாள், ஆனால் அதிலிருப்பது தமிழ், ஆறாவது வார ஊசி தவறி எட்டாவது வாரத்தில்தான் போட்டோம். தமிழும் ஒடியாவும் தெரிந்த யாராவது அந்த இரண்டு நிமிடத்தைப் பேசித் தருவீர்களா? போனும் ஸ்பீக்கரும் நான் கொண்டு வருகிறேன்.