நெக் சைஸ் செய்தும் புல்லட் கழுத்தில் நிற்கவில்லை (.308, காலெட் டை)

கேள்வி:
துப்பாக்கி .308 வின்செஸ்டர், போல்ட் ஆக்‌ஷன். மறுபடி மருந்தேற்றிப் பயன்படுத்தப்போகும் கேஸ் (தோட்டாவின் பித்தளைக் கூடு) எல்லாம் இதே துப்பாக்கியில் ஒருமுறை சுட்டவை. காலெட் வகை நெக் டை (பிளவுபட்ட குழலான காலெட்டால் கேஸின் கழுத்தை மட்டும் அழுத்திச் சுருக்கும், அதாவது சைஸ் செய்யும் அச்சு). பிரஸ்ஸின் ராமை (கேஸை மேலே ஏற்றும் தண்டு) முழுக்க ஏற்றி, டை ஷெல் ஹோல்டரை (கேஸின் அடியைப் பிடிக்கும் துண்டு) தொட்டதும் இன்னும் அரைச்சுற்று இறக்கி லாக் ரிங்கை முடுக்கியிருக்கிறேன். சைஸ் செய்த கழுத்தில் புல்லட்டை வைத்தால் விரலால் தள்ளினாலே உள்ளே இறங்குகிறது. கழுத்தின் வெளிவிட்டம் 0.3385 அங்குலம், மாண்ட்ரல் (கழுத்துக்குள் நிற்கும் கம்பி) 0.3055. இன்னும் மெல்லிய மாண்ட்ரல் வாங்க வேண்டுமா?

பதில் 1:
வேண்டாம், மாண்ட்ரல் சரியாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பாருங்கள். கழுத்துச் சுவர் 0.015 என்றால் இருபக்கமும் சேர்த்து 0.030. மாண்ட்ரலோடு ஒட்ட அழுத்தியிருந்தால் வெளிவிட்டம் 0.3355, பித்தளை கொஞ்சம் மீண்டெழும் என்பதால் 0.336 பக்கம் நிற்கும். புல்லட் (0.308) இருக்கும் கழுத்தின் அளவு 0.338. உங்களுடையது அதைவிடப் பெரியது. காலெட் பாதிதான் மூடுகிறது.

இந்த டையின் கீழ்ப்பகுதி ஷெல் ஹோல்டரில் இடித்து மேலே தள்ளப்பட்டால்தான், உள்ளே இருக்கும் சாய்வில் காலெட் நெருங்கிக் கழுத்தைப் பிடிக்கும். டை மரை அங்குலத்துக்கு 14. அரைச்சுற்று என்றால் 0.036 அங்குலம்தான். தொட்ட இடத்திலிருந்து ஒரு சுற்று இறக்கிப் பாருங்கள், போதாவிட்டால் கால் கால் சுற்றாகக் கூட்டுங்கள். கைப்பிடி அதன் ஓட்டம் முடியுமுன்பே கெட்டியாக நிற்க வேண்டும். அங்கே சுமார் 10–12 கிலோ பாரம் கொடுத்து அழுத்தி, கேஸை அரைவட்டம் திருப்பி மறுபடி ஒருமுறை. கழுத்தில் காலெட் பிளவுகளின் மெல்லிய நேர்க்கோடுகள் தெரிந்தால் அழுத்தம் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

பதில் 2:
மேலே சொன்னதோடு ஒன்று: கேஸ் இல்லாமல் கைப்பிடியை அழுத்தவே கூடாது. காலெட்டின் விரல் போன்ற பகுதிகள் உள்பக்கம் மடங்கிப்போகும், அடுத்த கேஸ் நுழையாது. டையின் மேல்மூடி எகிறினால் அல்லது மரை போனால் அழுத்தம் மிஞ்சிவிட்டது, இல்லாவிட்டால் காலெட் சிக்கியிருக்கிறது. பலத்தைக் கூட்டுவது தீர்வல்ல.

கேட்டவர்:
ஒன்றேகால் சுற்றில் பெரும்பாலானவை 0.336 வந்துவிட்டன, நன்றி அண்ணா. ஆனால் சில கேஸ் 0.337 காட்டுகின்றன. கைப்பிடியும் நடுவில் சற்று பிசிறடிக்கிறது.

பதில் 1:
இரண்டும் வெவ்வேறு விஷயம். பிசிறுக்கு மூடியைக் கழற்றிக் காலெட்டை வெளியே எடுங்கள். அதன் வெளிச்சாய்விலும் பிளவு ஓரங்களிலும் பிசிறு இருந்தால் நைஸ் எமெரித்தாளால் தேய்த்து, சாய்வில் மட்டும் துளி கிரீஸ். கழுத்து படும் உட்பக்கம் சுத்தமாக, உலர்ந்தே இருக்கட்டும். கேஸுக்கும் எண்ணெய் வேண்டாம்.

0.337 காட்டுபவை வேறு கம்பெனிக் கேஸா? சுவர் 0.0155 என்றால் வெளிவிட்டம் தானாகவே 0.001 கூடும், உள்விட்டம் அதேதான். வெளிவிட்டத்தை மட்டும் பார்த்து டையை மாற்றினால் நன்றாக இருப்பதையும் கெடுப்பீர்கள். ஒவ்வொரு வகைக் கேஸையும் அதே வகையில் புல்லட் ஏற்றிய கேஸோடு ஒப்பிடுங்கள், 0.002 வித்தியாசம் இருந்தால் போதும்.

பதில் 2:
பிடிப்பைச் சோதிக்க, பிரைமரும் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் மூடி) வெடிமருந்தும் இல்லாத டம்மி ஒன்று செய்து, மொத்த நீளத்தை அளந்து, புல்லட் முனையை மேசை விளிம்பில் அழுத்தி மறுபடி அளங்கள். குறைந்தால் பிடிப்பு போதாது. மருந்துள்ள தோட்டாவில் புல்லட் உள்ளே போனால் அழுத்தம் ஏறும், அதனால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள். இதுவரை தளர்வாகச் செய்தவற்றில் மருந்து ஏற்ற வேண்டாம், மறுபடி சைஸ் செய்யுங்கள்.

அதே கேஸைச் சில முறை சுட்ட பிறகு போல்ட் மூடக் கனமானால் நெக் டையை நோண்டாதீர்கள். கேஸின் தோள் (கழுத்துக்குக் கீழே உள்ள சாய்வு) முன்னே வந்துவிட்டது. ஃபுல் லெங்த் டையில் (கேஸ் முழுவதையும் சைஸ் செய்வது) 0.002 பின்னே தள்ளினால் சரியாகும். செமி-ஆட்டோவுக்கு நெக் சைஸ் மட்டும் போதாது, அதற்கு எப்போதும் ஃபுல் லெங்த்தான்.