மறுமொழி: பழைய அவுட்போட் இஞ்சின் விட்டுவிட்டு வலு இழப்பதற்கு என்ன சொல்?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

படகின் பின்னால் பூட்டும் அவுட்போட் இஞ்சின் விட்டுவிட்டு வலு இழப்பதற்கு, படகு ஓட்டுகிறவர்களுக்கான பழுதுபார்ப்புக் கையேட்டில் என்ன சொல் போடலாம் என்ற கேள்விக்கு இந்த இழையில் இதுவரை வந்த மூன்று சொற்களையும் பார்த்தேன்: இடைவிட்ட திறனிழப்பு, சக்தித் தடங்கல், எரிபொருள் பட்டினி. மூன்றிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திறனா வலுவா என்ற சண்டையை முதலில் முடித்துவிடலாம். பவர் என்பதற்கு இலங்கைப் பாடப்புத்தகத்தில் வலு, தமிழ்நாட்டில் திறன். இங்கே திறன் என்று எழுதினால் ஆளின் கெட்டித்தனம்தான் நினைவுக்கு வரும். சக்தி நமக்கு எனர்ஜி, அதைக் கொண்டுவந்து இங்கே போட்டால் பொருளே மாறிவிடும். கையேடு அச்சாகப்போவது கொழும்பில், வாசிக்கப்போகிறவர்கள் முகத்துவாரத்திலும் நீர்கொழும்பிலும் சிலாபத்திலும் படகு ஓட்டுகிறவர்கள். ஆகவே வலு. சென்னை நண்பர்கள் கோபிக்க வேண்டாம்.

எரிபொருள் பட்டினி என்பது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அது காரணத்தின் பெயர். நமக்கு வேண்டியது அறிகுறியின் பெயர். காய்ச்சல் என்று வருகிறவரிடம் இரத்தம் பார்க்க முன்னரே டெங்கு என்று எழுதிக் கொடுத்தால் எப்படி இருக்கும்? அதே கதைதான் இது. அறிகுறியின் பெயரிலேயே எரிபொருள் என்று வந்துவிட்டால், வாசிக்கிறவர் எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரைக் கழற்றிக் கழுவிக்கொண்டே இருப்பார், பழுது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் பற்றவைப்புச் சுருளில் இருக்கும்.

பழைய டூ ஸ்ட்ரோக் இஞ்சினில் வலு குறைவது ஒரே மாதிரி நடப்பதில்லை என்பதுதான் இந்த விவாதத்தில் விடுபட்டுப்போன விஷயம். எண்ணெய், அதாவது எரிபொருள், போதாமல் போனால் இஞ்சின் மெல்ல மெல்லச் சோரும். கரையில் வைத்து இயக்கினால் ஒரு குறையும் தெரியாது, சும்மா உறுமிக்கொண்டு நிற்கும், துறைமுகத்தைத் தாண்டி, வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திரொட்டிலை முழுக்கத் திறந்து கொஞ்சத் தூரம் போன பிறகுதான் சத்தம் கனத்து வேகம் இறங்கும். திரொட்டிலைக் குறைத்தால் திரும்ப உயிர் வரும். காரணம் எளிது: காபரேற்றரின் கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய் கொஞ்ச நேரத்துக்குப் போதும், அது தீர்ந்த பிறகு பம்பு அனுப்புவது போதாமல் போகிறது. அந்தப் பம்பு ஓடுவது பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் கிராங்க் பெட்டிக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தால். உள்ளே இருக்கும் சவ்வு விறைத்தாலோ கிழிந்தாலோ குறைந்த வேகத்துக்குச் சமாளிக்கும், முழு வேகத்துக்கு முடியாது.

இதைப் பிடிக்க எண்ணெய்க் குழாயின் நடுவில் இருக்கும் ரப்பர் கைப்பம்பே போதும். (இதற்கு ஊட்டுக்குமிழ் என்று ஒருவர் எழுதியிருந்தார். வேண்டாம், கைப்பம்பு என்றே எல்லோரும் சொல்கிறார்கள்.) இஞ்சின் சோரும் நேரத்தில் ஒருவர் அதைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். உறிஞ்சப்பட்டுத் தட்டையாகிக் கிடந்தால் அடைப்பு தாங்கிப் பக்கம்: மூடியில் உள்ள காற்றுத் திருகைத் திறக்கவில்லை, உறிஞ்சு குழாயின் வலையில் குப்பை, அல்லது பழைய ரப்பர் குழாயின் உட்தோல் உரிந்து வழியை மறிக்கிறது. இந்தக் கடைசியை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது, குழாய் புதிது போலவே இருக்கும். மூடியைத் தளர்த்தியதும் சரியாகிவிட்டால் பழுது காற்றுத் துளையில், அதோடு வேலை முடிந்தது. கைப்பம்பு தட்டையாகாமல், ஆனால் அதை அமுக்க அமுக்க இஞ்சின் தெளிந்தால், பம்பின் சவ்வை அல்லது எங்காவது காற்று இழுக்கும் பொருத்தைச் சந்தேகிக்கலாம்.

மின்பக்கப் பழுது வேறு மாதிரி. சுவிச்சை அணைத்ததுபோல் டக்கென்று விழும், டக்கென்று திரும்ப வரும். இரண்டு சிலிண்டர் இஞ்சினில் ஒரு பிளக் மட்டும் விட்டாலும் படகு பாதி செத்தமாதிரி ஆகிவிடும், இஞ்சின் மட்டும் நிற்காது. சுருளின் கம்பி சூட்டில் விரிந்து தொடர்பு விடுவது, பிளக்குக்குப் பொறியை அனுப்பும் சீ.டி.ஐ. என்ற மின்னணுப் பெட்டி சூடேறியதும் தடுமாறுவது, உப்பேறிய நிறுத்தும் சுவிச் அலை அடியில் தானே தொட்டு விடுவது, எல்லாம் இந்த வகை. ஆறியபிறகு எதைச் சோதித்தாலும் சரியாகவே காட்டும், அதனால் சூட்டோடு சூடாகப் பார்க்க வேண்டும். நிறுத்தும் சுவிச்சின் கம்பியைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது நல்ல சோதனை, ஆனால் அப்புறம் இஞ்சினை, காற்றை அடைக்கும் சோக்கை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும் என்பதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

ஆகவே என் முன்மொழிவு இரண்டு சொற்கள். மெல்லச் சோர்ந்து திரும்பத் தெளிவதற்கு இடைச்சோர்வு. டக்கென்று அறுந்து திரும்ப வருவதற்கு இடையறவு. இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டிய இடத்தில் விட்டுவிட்டு வலுவிழத்தல் என்று நேராக எழுதிவிடலாம், அதற்கென்று தனிச்சொல் தேவையில்லை. இடையறாது என்று நாம் எப்போதும் எழுதுகிறோம், அதன் மறுபக்கம்தான் இடையறவு, யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சோர்வு மனிதருக்கு உரிய சொல் என்று ஆட்சேபம் வரலாம். முகத்துவாரத்தில் இஞ்சின் களைச்சுப்போகுது என்றுதான் பேசுகிறார்கள், கேட்டுப் பாருங்கள்.

மூன்றாவது ஒன்றும் உண்டு, அதை இந்த இரண்டோடும் கலக்கக் கூடாது. படகு மந்தமாகும், ஆனால் இஞ்சினின் சுற்று இறங்காமல் உயரும். அது வலுவிழப்பே அல்ல. படகைத் தள்ளும் விசிறியின் (புரொப்பெல்லரின்) நடுவில் இருக்கும் ரப்பர் புஷ் கழன்று வழுக்குகிறது, அல்லது திருப்பத்தில் விசிறி மேற்பரப்புக் காற்றை இழுக்கிறது. சத்தம் கனக்கிறதா, கீச்சென்று ஏறுகிறதா என்ற கேள்வியைக் கையேட்டின் முதல் வரியாகவே போட வேண்டும் என்பது என் கருத்து. அதைக் கேட்காமல் பிளக் மாற்றிப் பணம் தொலைப்பவர்கள் அதிகம், பிளக்கின் விலை இப்போது கொஞ்சமல்ல.

மண்ணெண்ணெய் இஞ்சின்களுக்குத் தனிப் பந்தி தேவை. பெற்றோலில் தொடங்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதும், நிறுத்த முன்னர் திரும்பப் பெற்றோலுக்கு வருவதும் ஒழுங்காக நடக்காவிட்டால் பிளக்கில் கரி படியும். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனது. விலை அப்படி எகிறக்கூடிய எண்ணெயை எரித்துக்கொண்டு கடலில் பழுது தேட யாராலும் முடியாது, அதனால் கரையிலேயே செய்யக்கூடிய சோதனைகளை முன்னால் வையுங்கள்.

புஷ் வழுக்குவதற்கு நான் இப்போதைக்கு விசிறி நழுவல் என்று வைத்திருக்கிறேன். மன்னார், புத்தளம் பக்கத்து நண்பர்கள் யாராவது அங்கே தொழிலாளர்கள் வாயில் இருக்கும் சொல்லைக் கேட்டு எழுதினால் அதையே போட்டுவிடலாம்.