சவுக்கு வரிசை இருந்தும் வாழை சாய்கிறது: எதை மாற்ற வேண்டும்?

கேள்வி:
வணக்கம். வயலின் மேற்கு ஓரத்தில் காற்றைத் தடுக்க ஒற்றை வரிசையாகச் சவுக்கு நிற்கிறது. இப்போது 6 மீட்டர் உயரம் இருக்கும். பலத்த காற்று எப்போதும் மேற்கிலிருந்துதான் வருகிறது. ஆனாலும் வாழை இலை நார் நாராகக் கிழிகிறது, குலை தள்ளிய மரங்கள் சாய்கின்றன. சவுக்கு வரிசையின் நடுவே சந்து விட்டு வண்டிப் பாதை போகிறது, சேதம் அதிகம் அதற்கு நேரே. சவுக்கை ஒட்டிய இரண்டு வரிசை வாழையில் இலை கிழியவில்லை, ஆனால் வளர்ச்சியே இல்லாமல் குன்றி நிற்கிறது. மரத்தை வெட்டிவிட்டு உயரமாகச் சுவர் எழுப்பு என்கிறார்கள். அதுதான் வழியா?

பதில் 1:
சுவர் மட்டும் வேண்டாம். முழுக்க அடைத்த தடுப்பில் மோதும் காற்று மேலே ஏறி, சுவரைத் தாண்டியதும் சுழன்று கீழே இறங்கும். சுவருக்குப் பின்னால் கொஞ்ச தூரம் அமைதியாக இருக்கும், அதற்கு அப்பால் பயிர் சுழலில் சிக்கும். நல்ல காற்றுத் தடுப்பு ஒரு சல்லடை. பாதிக் காற்று இலைகளுக்கு ஊடே வேகம் குறைந்து நுழைய வேண்டும். 40 முதல் 50 சதவீதம் இடைவெளி உள்ள தடுப்புதான் அதிக தூரத்துக்குப் பலன் தரும்.

ஒரு விவரம் சொல்லுங்கள். தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் கிளைகள் தொடங்குகின்றன? வரிசையின் அடி மொட்டையாக இருக்கிறதா?

பதில் 2:
எனக்கும் அதே சந்தேகம்தான். அடி திறந்திருந்தால் காற்று அங்கே குறுகி, திறந்த வெளியில் வீசுவதைவிட வேகமாகப் பாயும். பாதைச் சந்திலும் இதேதான் நடக்கிறது. நீங்களே பார்த்துவிடலாம். நான்கைந்து குச்சிகளை எடுத்து, முழங்கால் உயரத்தில் ஒன்று, தலை உயரத்தில் ஒன்று என மெல்லிய துணி நாடா கட்டுங்கள். சவுக்கிலிருந்து கிழக்கே போகப் போக ஊன்றி, பாதைக்கு நேரேயும் ஒன்று வையுங்கள். காற்று நாளில் எந்த நாடா படபடக்கிறது, எது தொங்குகிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன். கிளை இடுப்பு உயரத்துக்கு மேல்தான் தொடங்குகிறது, கீழே வெறும் தண்டு. வரிசைக்குப் பக்கத்தில் மேல் நாடா சோம்பலாக ஆடுகிறது, முழங்கால் நாடா விறைத்துக்கொண்டு நிற்கிறது! பாதைக்கு நேரே இரண்டுமே விறைப்பு. வயலின் கிழக்குக் கோடியில் தடுப்பு இருப்பதே தெரியவில்லை.

பதில் 1:
அப்போ மரத்தை வெட்ட வேண்டாம், திறந்த அடியும் பாதைச் சந்தும்தான் குறை. சவுக்கின் அடிக்கிளை ஒருமுறை காய்ந்தால் அங்கே மறுபடி அடர்த்தியாகத் துளிர்ப்பது அரிது. அதனால் அதை நம்பி இருக்காமல், காற்று வரும் பக்கத்தில், அதாவது சவுக்குக்கு மேற்கே, சுமார் 2 மீட்டர் தள்ளிப் புதர் வரிசை ஒன்று வையுங்கள். நொச்சி, ஆடாதொடை இரண்டும் ஆடு மாடு அதிகம் கடிக்காதவை. கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, ஊன்றினால் வேலியும் ஆகிவிடும். ஒரே நேர்க்கோட்டில் நடாமல் முக்கோணமாக மாற்றி மாற்றி நடுங்கள். புதர் நெஞ்சு உயரம் வந்ததும் தலையைக் கவாத்து செய்யுங்கள், அடியிலிருந்து கிளை வெடிக்கும். பக்கவாட்டை மொட்டையடிக்காதீர்கள்.

வரிசையின் நீளத்தையும் கவனியுங்கள். உயரத்தைப்போல் குறைந்தது 10 மடங்கு நீளம் வேண்டும், இல்லாவிட்டால் இரு முனைகளையும் சுற்றிக் காற்று உள்ளே வந்துவிடும். தடுப்பின் பலன் உயரத்தைப்போல் 10 மடங்கு தூரம் வரை நன்றாகத் தெரியும். உங்கள் 6 மீட்டர் மரத்துக்கு அது 60 மீட்டர். அப்புறம் படிப்படியாகக் குறையும். கிழக்குக் கோடி அதைவிடத் தள்ளி இருந்தால் நடுவில் இன்னொரு வரிசை வேண்டும். ஒரே வரிசையை எவ்வளவு பராமரித்தாலும் அங்கே எட்டாது.

பதில் 3:
சீக்கிரம் வளரும் என்று யூக்கலிப்டஸ் வைக்கலாமே?

பதில் 2:
பயிர் ஓரத்தில் வைக்க மாட்டேன். தண்ணீருக்குப் பெரிய போட்டி, வளர்ந்ததும் இதுவும் அடி மொட்டையாகிவிடும். அவசரமாகக் காற்றைக் குறைக்க அகத்தியை இடையில் விதைக்கலாம். ஒரே பருவத்தில் ஆள் உயரம் தாண்டிவிடும், மண்ணுக்கும் நல்லது. ஆனால் அகத்தித் தண்டு மென்மையானது, பெருங்காற்றுக்கு அதை நம்பக் கூடாது.

குன்றிய வாழைக்குக் காரணம் சவுக்கின் வேர்தான் என்று நினைக்கிறேன். மரத்தின் உயரத்துக்குச் சமமான தூரம் வரை வேர் நீருக்கும் சத்துக்கும் போட்டியிடும். பயிர்ப் பக்கத்தில் மட்டும், மரத்திலிருந்து 2 மீட்டர் தள்ளி, 60 செ.மீ. ஆழத்துக்கு நீளமாகக் குழி வெட்டி வேர்களை அறுத்து மூடுங்கள். இரண்டு பக்கமும் வெட்டினால் மரமே சாய்ந்துவிடும். காற்றுக் காலத்துக்கு முன்னால் வெட்டாமல், காற்று ஓய்ந்த பிறகு செய்யுங்கள். மறுபடி வேர் வரும், சில ஆண்டுக்கொருமுறை வெட்ட வேண்டியிருக்கும். அந்த ஓரத்தில் வாழைக்குப் பதில் தீவனப்புல் வைப்பது இன்னும் நிம்மதி.

கேட்டவர்:
சரி, பாதைச் சந்தை என்ன செய்வது? வண்டி போயாக வேண்டும்.

பதில் 1:
அடைக்க வேண்டாம். சந்துக்கு உள்பக்கம், வண்டி திரும்பும் அளவு இடம் விட்டு, அதற்கு நேரே குறுக்கே ஒரு சின்ன வரிசை நடுங்கள். இரு பக்கமும் 3 மீட்டராவது சவுக்கோடு மேற்பொருந்தும்படி நீளட்டும். காற்று நேராகப் பாய முடியாது, வண்டி வளைந்து போகும். கன்று வளரும்வரை அந்த இடத்தில் மட்டும் நிழல்வலையைக் கம்பத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கன்றுக்குக் கொம்பு கட்டினால் தண்டின் கீழ் மூன்றில் ஒரு பங்கில், தளர்வாக. கொஞ்சம் ஆடினால்தான் தண்டு தடிக்கும், வேரும் பிடிக்கும். முதல் இரண்டு ஆண்டு மூடாக்கும் (கன்றைச் சுற்றி மண்ணை இலைதழையால் மூடுவது) தண்ணீரும் தவறக் கூடாது.

கேட்டவர்:
புதர் வரிசை, பாதை வரிசை இரண்டையும் முதலில் தொடங்குகிறேன். வீட்டுக்கு மேற்கேயும் இதே மாதிரி வைக்கலாமா?

பதில் 2:
வைக்கலாம், ஆனால் மரம் முழுதாக வளர்ந்தால் எவ்வளவு உயரமோ, அதைவிட அதிக தூரம் வீட்டிலிருந்தும் மின்கம்பியிலிருந்தும் தள்ளி. வீட்டுக்குப் பூவரசும் புங்கமும் கலந்து வைத்தால் ஒரு நோயில் எல்லாம் போகாது.