‘விண்டர்ரைஸ’ முழுவதையும் ஒரே மாலையில்: இடைவேளை விடலாமா?

கறுப்புக்கட்டை எழுதியது:

ஷூபர்ட்டின் பாடல் தொடரான ‘விண்டர்ரைஸ’ (குளிர்காலப் பயணம்) 24 பாடல்களையும் ஜனவரியில் மேடையேற்றுகிறோம். ஜெர்மனியில் ஒரு சிற்றூர், தேவாலயத்தை ஒட்டிய சின்ன மண்டபம். பியானோ நான், பாடுகிறவர் பாரிட்டோன் (நடுத்தர ஆண்குரல்). நல்ல குரல், ஆனால் முதல் பாடலான ‘கூட்டே நாஹ்ட்’டிலேயே உருகிப்போய் இழுக்கிறார். ஐந்தாவதாக ‘லின்டன்பௌம்’ வருவதற்குள் எனக்கே களைப்புத் தட்டிவிடுகிறது. பன்னிரண்டாவது பாட்டுக்குப் பிறகு காபி இடைவேளை வேண்டும் என்றும் கேட்கிறார். கீழ்க்குரலுக்குச் சுருதி இறக்கிய இசைப்பதிப்பில் இடது கை ஒரே சேறாக ஒலிப்பது இன்னொரு தொல்லை. ஆறாவது பாட்டான ‘வாஸர்ஃப்ளூட்’ தாளத்தைப் பற்றியும் எங்களுக்குள் சண்டை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இடதுகை எழுதியது:

அழுவது கேட்பவர்களின் வேலை என்று உங்கள் பாடகரிடம் சொல்லுங்கள். முதல் பாட்டுக்குக் கையெழுத்துப் பிரதியில் ஷூபர்ட் கொடுத்திருக்கும் குறிப்பு, ‘மிதமாக, நடக்கும் கதியில்’. பாட்டின் நாயகன் இரவோடு இரவாக ஊரைவிட்டுப் போகிறவன். நின்று நின்று போகமாட்டான். அந்த நடை உங்கள் கையில்தான் இருக்கிறது. திரும்பத் திரும்ப வரும் எட்டில் ஒரு பங்கு நீள ஸ்வரங்களை ஒரே சீராக வாசியுங்கள். அவர் இழுத்தாலும் நீங்கள் காத்திருக்காதீர்கள். நாலு ஒத்திகையில் வழிக்கு வந்துவிடுவார். நாலாவது சரணத்தில் சோகச் சாயல் கொண்ட டி மைனர், வெளிச்சமான டி மேஜராகிறது. எல்லோரும் அங்கே வேகத்தைக் குறைத்து, ‘பார், எவ்வளவு அழகு’ என்று காட்டுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒலியை மட்டும் குறையுங்கள். கடைசி வரி திரும்ப வரும்போது மைனர் தானாக வந்து சேரும். அங்கே இருவரும் ஒன்றுமே செய்யாமலிருந்தால் போதும்.

சுருதி இறக்குவதில் குற்றவுணர்ச்சி வேண்டாம். கடைசிப் பாட்டான ‘லையர்மான்’ கையெழுத்தில் பி மைனர், அச்சில் ஏ மைனர். ‘வாஸர்ஃப்ளூட்’டும் எஃப் ஷார்ப் மைனரிலிருந்து ஈ மைனருக்கு இறங்கியதுதான். ஆனால் கீழ்க்குரல் பதிப்புகள் பலவற்றில் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வோர் அளவு இறங்கியிருக்கும். கடைசி இரண்டை மட்டுமாவது சரிபாருங்கள். ‘நேபன்ஸோனன்’ ஏ மேஜர், அடுத்து வரும் ‘லையர்மான்’ ஏ மைனர். ஒரே ஆதாரம், வெளிச்சம் மட்டும் போய்விடுகிறது. இரண்டையும் ஒரே அளவில் இறக்காவிட்டால் அந்த ஒட்டு அறுந்துவிடும். சேற்றுக்கு மருந்து, பெடலைப் பாதிக்கு மேல் அழுத்தாமல் இருப்பது. கட்டைவிரல் பாடட்டும், சுண்டுவிரல் தொட்டுவிட்டுப் போகட்டும். ஷூபர்ட் காலத்து வியன்னா பியானோவின் அடிக்கட்டைகள் இன்றைய கச்சேரி பியானோ அளவுக்கு முழங்கியதில்லை.

மெஸ்ஸோ எழுதியது:

இடைவேளைக்கு ஒரு சரித்திர நியாயம் உண்டு. ஷூபர்ட்டுக்கு முதலில் கிடைத்தவை வில்ஹெல்ம் முல்லரின் பன்னிரண்டு கவிதைகள்தாம். 1827 தொடக்கத்தில் அவற்றுக்கு இசையமைத்து, பன்னிரண்டாவதான ‘ஐன்ஸாம்கைட்’ (தனிமை) முடிவில் ‘முற்றும்’ என்றே குறித்துவிட்டார். மீதிக் கவிதைகள் பிறகு கைக்கு வந்தன. அந்தப் பன்னிரண்டாவது பாட்டும் முதலில் டி மைனர்தான். தொடங்கிய இடத்திலேயே வட்டம் மூடியது. அச்சில் அதை பி மைனருக்கு மாற்றியதும் வட்டம் திறந்துகொண்டது.

அதனாலேயே காபிக்கு நான் எதிரி. அடுத்து வருவது ‘டீ போஸ்ட்’: ஈ ஃப்ளாட் மேஜரில் தபால் வண்டியின் ஊதுகொம்பு. தனிமையில் உறைந்து உட்கார்ந்திருப்பவர்கள் காதில் அது விழுந்தால் நெஞ்சு துள்ளும். கேக் சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தவர்களுக்கு ஏதோ இன்னிசை நாடகம் தொடங்கியதுபோல இருக்கும். மொத்தமே ஒன்றேகால் மணி நேரம். பன்னிரண்டாவது முடிந்ததும் பாடகர் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கட்டும். நீங்கள் கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். யாரும் கைதட்ட மாட்டார்கள்.

(பெண் இதைப் பாடலாமா என்று இன்றும் என்னிடம் கேட்கிறார்கள். லோட்டே லேமானும் கிறிஸ்டா லுட்விக்கும் பாடிய பிறகு இந்தக் கேள்வி எதற்கு?)

கறுப்புக்கட்டை எழுதியது:

காபி ரத்து. ‘வாஸர்ஃப்ளூட்’ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே! வலது கையில் மூன்று மூன்றாக ஓடுகிறது, இடது கையில் புள்ளி வைத்து நீட்டிய எட்டில் ஒரு பங்கு ஸ்வரமும், அதையடுத்துக் குட்டையான பதினாறில் ஒரு பங்கும். அந்தப் பதினாறு எங்கே விழ வேண்டும்?

இடதுகை எழுதியது:

கையெழுத்துப் பிரதியில் அது மூன்றாவது ஸ்வரத்துக்கு நேர் கீழே இருக்கிறது. சேர்த்தே வாசியுங்கள். உருகுகிற பனியில் கால் அப்படித்தான் இழுபடும்.

மெஸ்ஸோ எழுதியது:

இதில் இடதுகை ஐயாவோடு எனக்கு உடன்பாடில்லை. பின்தள்ளி வாசித்தால் ஒரு தடுமாற்றம் கிடைக்கிறது. அதன் மேல் பாடும்போது எனக்குச் சொற்கள் கனமாக வருகின்றன. பெரிய பியானோக்காரர்களே இரண்டு கட்சியாகத்தான் இருக்கிறார்கள். மண்டபத்தில் இரண்டு விதமாகவும் வாசித்து, பாடகரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்துக் கேட்கச் சொல்லுங்கள்.

கறுப்புக்கட்டை எழுதியது:

செய்கிறேன். பக்கம் திருப்ப ஆள் வைக்கலாமா, டேப்லட் போதுமா?

இடதுகை எழுதியது:

நாலாவது பாட்டான ‘எர்ஷ்டாருங்’கில் மூன்று மூன்றான ஸ்வரங்களின் ஓட்டம் நிற்பதே இல்லை, திருப்புவதற்கு எந்தக் கை சும்மா இருக்கிறது? டேப்லட் என்றால் கால்மிதி வைத்தது, முழு சார்ஜோடு. ஆள் என்றால், சளி பிடிக்காத ஆளாகப் பாருங்கள். ஜனவரி மாதம்.