மறு: கிட்டார் மேல்பலகையின் உள்குச்சிகள் – ‘தாங்குசட்டம்’ வேண்டாம், ‘வரிச்சு’ ஆகுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

‘பிரேசிங்’ என்ற ஒரே ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தேடித் தொடங்கிய இழை, வாரக் கடைசிக்குள் குதிரை, சேணம், கருங்காலி என்று எங்கெங்கோ கிளை பிரிந்துவிட்டது. கையால் கிட்டார் செய்வதற்கான கையேட்டைத் தமிழில் எழுதிவரும் தம்பி, இந்தச் சொல் முடிவாகாமல் மேல்பலகை அத்தியாயத்தை நகர்த்த முடியவில்லை என்கிறார். அதனால் அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிட்டாருக்குள் எட்டிப் பார்க்காதவர்களுக்காகச் சில வரிகள். மேல்பலகை என்பது ஒலித்துளை உள்ள முகப்பு. ஸ்ப்ரூஸ் அல்லது சீடர் மரம். நைலான் தந்திக் கிட்டாரில் அதன் கனம் ஏறத்தாழ 2.5 மி.மீ.தான். ஆறு தந்திகளும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு 40 கிலோவுக்குப் பக்கம். இரும்புத் தந்தி என்றால் 70 கிலோவைத் தாண்டும். அது முழுக்க, பலகையின் கீழ்ப்பாதியில் ஒட்டியிருக்கும், தந்திகளைக் கட்டும் கட்டையான குதிரையின் மேல் விழுகிறது. குதிரை முன்பக்கம் கவிழப் பார்க்கும். அதன் பின்னால் பலகை உப்பும், முன்னால் ஒலித்துளைப் பக்கம் அமுங்கும். வெறும் பலகையாக விட்டால் கோணிவிடும். அதற்காக உட்புறத்தில் மெல்லிய ஸ்ப்ரூஸ் குச்சிகளை ஒட்டுகிறார்கள். நாம் பெயர் தேடுவது அந்தக் குச்சிகளுக்குத்தான்.

> தாங்குவதுதானே அதன் வேலை? ‘தாங்குசட்டம்’ என்றால் பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். புரிகிற சொல்லை விட்டுவிட்டு வேறொன்றைத் தேடுவானேன்?

ஐயா, புரியும் என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. தப்பாகப் புரியும் என்பதுதான் கவலை. ‘தாங்குசட்டம்’ என்று படித்துவிட்டுப் பட்டறையில் உட்காரும் புதியவர் என்ன செய்வார்? தாங்கத்தானே வேண்டும் என்று கனமாக வைப்பார். ஒன்றுக்கு இரண்டாக வைப்பார். கிட்டார் நூறு வருஷம் கோணாமல் இருக்கும், ஆனால் வாயே திறக்காது. கையால் செய்பவர்களின் முதல் கிட்டார்கள் பெரும்பாலும் இந்த நோயில்தான் விழுகின்றன.

குச்சிக்கு இரண்டு வேலை. கோணாமல் பிடிப்பது ஒன்று. பலகையின் எந்தப் பகுதி எவ்வளவு அசையலாம், எது அடங்கி இருக்க வேண்டும் என்று பங்கிட்டுக் கொடுப்பது மற்றொன்று. கைவினைஞரின் நேரமெல்லாம் போவது இரண்டாவதில்தான். குச்சியை ஒட்டியபின் பலகையை இரு விரலால் தொங்கப் பிடித்துத் தட்டுவார், காதில் வைத்துக் கேட்பார், சிற்றுளியால் ஒரு சீவல் எடுப்பார், மறுபடி தட்டுவார். ஒரு சீவலில் என்ன மாறிவிடும் என்று கேட்கலாம். குச்சியின் விறைப்பு உயரம் × உயரம் × உயரம் என்ற கணக்கில் ஏறி இறங்கும். 6 மி.மீ. உயரக் குச்சியை 5 மி.மீ. ஆக்கினால் எடை ஆறில் ஒரு பங்குதான் குறையும். விறைப்போ நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். அகலத்தைக் குறைத்தால் இந்த வித்தை நடக்காது. அதனால்தான் குச்சி ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கிறது. அதனால்தான் அதை வாளால் அறுக்காமல் நாரோட்டம் பார்த்துப் பிளந்து எடுப்பதை நல்ல கைவினைஞர்கள் விரும்புகிறார்கள். நார் இடையில் வெட்டுப்படாமல் முனைக்கு முனை ஓடும்.

வரலாறும் ‘தாங்கு’வுக்கு ஆதரவாக இல்லை. குச்சிகளை விசிறிபோல் பரப்பி ஒட்டும் வழக்கம் 18ஆம் நூற்றாண்டிலேயே ஸ்பெயினின் காடிஸ், செவில் பட்டறைகளில் உண்டு. அதை இன்று நாம் பார்க்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் அல்மேரியாக்காரரான அந்தோனியோ தெ டோரஸ் (1817–1892). அவருடைய கிட்டார்கள் பலவற்றில் ஏழு குச்சிகள். மேல்பலகைதான் எல்லாம் என்று காட்டுவதற்காக 1862இல் பின்பக்கத்தையும் விலாவையும் வெறும் காகித அட்டையில் செய்தார் மனிதர்! அந்தக் கிட்டார் பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அட்டை உடம்பை வைத்துக்கொண்டு பலகையையும் அந்த ஏழு குச்சிகளையும் நம்பியவருக்கு, அவை முட்டுக்கொடுக்கும் கட்டைகளாக மட்டுமா தோன்றியிருக்கும்?

அமெரிக்கக் கதை இன்னும் தெளிவு. சாக்சனியிலிருந்து 1833இல் நியூயார்க்கில் வந்து இறங்கிய கிட்டார் கைவினைஞர் சி. எஃப். மார்ட்டின், 1840களில் பெருக்கல் குறிபோல் இரண்டு குச்சிகள் குறுக்கே வெட்டிக்கொள்ளும் அமைப்பைக் கையாண்டார். இரும்புத் தந்தியின் இழுப்பைத் தாங்கத்தான் அது வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அப்போது கட்டியது குடல் தந்தி. இரும்புத் தந்தி வழக்கமானது 1920களில்தான். அப்புறம் ஆட்கள் மேலும் மேலும் கனமான தந்தி கட்ட ஆரம்பிக்க, குச்சியின் நடுப்பகுதியைப் பள்ளமாகக் குடைந்து விடும் பழைய பழக்கத்தை 1944இன் கடைசியில் மார்ட்டின் நிறுவனமே நிறுத்தியது. ‘தாங்கு’ என்ற கவலை ஓங்கிய காலம் அது. இன்று பழைய கிட்டார் தேடுபவர்கள் 1944க்கு முந்தையதற்கு ஏன் அத்தனை விலை கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஐயாவின் பக்கம் ஒரு சான்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் பால்சா மரத்தையும் கார்பன் இழையையும் வைத்துப் பின்னல் பின்னலாக ஒட்டி, மேல்பலகையை மிக மெல்லியதாக ஆக்கிவிட்டார். கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் எடுத்துக்கொண்டது அவருடைய கிட்டார்தான். அங்கே பலகை வெறும் தோல். தாங்குவது முழுக்கப் பின்னல்தான். ஆனால் அது ஒரு தனி மரபு. அதை வைத்து எல்லாவற்றுக்கும் பெயர் சூட்ட முடியாது.

இனி மற்ற பரிந்துரைகள். ‘உள்விலா’ அழகாக இருக்கிறது, ஆனால் கிட்டாரின் வளைந்த பக்கப்பலகைக்கு ‘விலா’ என்று ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். ‘நரம்பு’ ஆகவே ஆகாது. யாழ் காலத்திலிருந்து அது தந்திக்குப் பெயர். ‘அதிர்வுக் கட்டுப்பாட்டுத் தண்டு’ என்று எழுதியவரை வணங்குகிறேன். அதைப் பட்டறையில் ஒரு முறை சொல்லி முடிப்பதற்குள் வச்சிரப்பசை ஆறிவிடும்.

> எங்கடை பக்கம் கூரையிலை ரீப்பை எண்டுதான் சொல்லுறம். நீங்கள் ஏன் ஈர்க்கு எண்டு வைக்கக் கூடாது? டோரஸின்ரை படத்தைப் பாத்தன், அச்சொட்டாப் பனையோலை மாதிரியே கிடக்கு.

அக்கா, ஈர்க்கு என் மனசுக்கும் பிடித்த சொல். விசிறி அமைப்பு பனையோலையேதான். ஆனால் மார்ட்டினின் பெருக்கல் குறிக்கு ஓலை ஒத்துவராது. அதற்கு முந்தைய கிட்டார்களில் ஏணிப்படிபோல் குறுக்கே மட்டும் ஒட்டியிருப்பார்கள், அங்கும் இடிக்கும். இன்னொன்று: ஈர்க்கு ஓலையோடு பிறப்பது. நாம் பேசுவது, ஒருவர் இடம் பார்த்து வைத்து, ஒட்டி, சீவுவது. ரீப்பையைப் பொறுத்தவரை, இங்கே மரக்கடையில் ரீப்பர் என்கிறார்கள். இரண்டுக்கும் மூலம் போர்த்துக்கீசியம் விட்டுப்போன சொல். கிட்டாருக்கு அது ஒன்றும் அந்நியமில்லைதான்! ஆனாலும் ரீப்பர் என்றதும் இரண்டு அங்குலச் சட்டம்தான் கண்ணில் நிற்கிறது. நம் குச்சி ஈர்க்குக்கும் ரீப்பருக்கும் நடுவில் இருக்கிறது.

அதனால்தான் ‘வரிச்சு’. கைமரத்தின் மேல் ஓட்டுக்கோ ஓலைக்கோ இடைவெளி விட்டுப் பரப்பும் மெல்லிய சட்டம். தச்சர்களுக்குத் தெரிந்த சொல். தாங்குகிறது, அடக்குகிறது என்று எந்த வேலையையும் அது முன்கூட்டிச் சொல்லவில்லை. மெல்லிசு, வரிவரியாகப் பரப்பியது, கையால் வைத்தது, அவ்வளவே. கூரை வரிச்சு குறுக்கே ஓடும், விசிறி வரிச்சோ ஏறக்குறைய மரத்தின் நாரோட்டத்தோடு ஓடும் என்ற ஆட்சேபம் வரும். வரட்டும். இடம் மாறினால் திசையும் மாறும்.

ஒரு கலைச்சொல்லைத் தனியாக நிறுத்திப் பார்த்துப் பயனில்லை, குடும்பத்தோடு பார்க்க வேண்டும். விசிறி வரிச்சு, ஏணி வரிச்சு, பெருக்கல் வரிச்சு, பின்னல் வரிச்சு, குடைந்த வரிச்சு. ஒற்றைக் குச்சி வரிச்சு என்றால் மொத்த அமைப்பு வரிச்சுக்கட்டு. ‘ஏழு வரிச்சு விசிறிக்கட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் தடையில்லை. ‘வரிச்சைச் சீவு’ என்றால் பட்டறைப் பையனுக்குப் புரியும். ‘தாங்குசட்டத்தைச் சீவு’ என்றால், தாங்குவதை ஏன் சீவ வேண்டும் என்று அவன் கேட்பான். நியாயமான கேள்வி.

> வீணையில் குதிரை, மெட்டு, பிருடை எல்லாம் இருக்கையில் கிட்டாருக்குப் புதுச்சொல் எதற்கு?

தஞ்சாவூர் அண்ணனுக்கு: மெட்டு (விரல் வைக்கும் இடத்துக் குறுக்குக் கம்பி), பிருடை (தந்தியை முறுக்கும் ஆணி), மேரு (கழுத்தின் தலைப்பக்கம் தந்தி ஏறும் துண்டு) மூன்றையும் அப்படியே எடுத்துக்கொள்வோம். வீணையில் மெட்டு மெழுகின் மேல் உட்காருகிறது, கிட்டாரில் விரற்பலகையில் அறுத்த காடிக்குள் அடித்து இறக்குகிறார்கள். 650 மி.மீ. தந்தி நீளத்துக்கு முதல் மெட்டு மேருவிலிருந்து 36.48 மி.மீ. தள்ளி, பன்னிரண்டாவது சரியாக 325இல். பதிக்கும் முறை வேறானாலும் விரலுக்கு அது மெட்டுதான்.

குதிரையில்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும். வீணையில் தந்தி குதிரையின் மேல் ஏறிக் கடந்து போய், தந்தி முனையைப் பிடிக்கும் நாகபாசத்தில் முடிகிறது. கிட்டாரில் இரண்டும் ஒரே கட்டை: முன்பாதியில் எலும்புத் துண்டின் மேல் தந்தி ஏறுகிறது, பின்பாதியில் முடிச்சு. கறாராகப் பார்த்தால் அந்த எலும்புத் துண்டுதான் வீணைக் குதிரையின் வேலையைச் செய்கிறது. ஆனால் கிட்டாரைப் பார்க்கும் எந்த வீணைக்காரரும் முழுக் கட்டையைத்தான் குதிரை என்பார். ஆங்கிலத்தில் அந்த எலும்புக்குச் ‘சேடில்’ என்று பெயர், அதாவது சேணம். முழுக் கட்டையை அவர்கள் ‘பிரிட்ஜ்’ என்கிறார்கள், அதாவது பாலம். பாலத்தின் மேல் எதற்குச் சேணமோ தெரியவில்லை. நம்மிடம் குதிரை தயாராக நிற்கிறது. குதிரை, அதன் மேல் சேணம், பின்னால் நாகபாசம் என்று வைத்துக்கொண்டால் எனக்குப் பூரண சம்மதம்.

போர்வை என்ற பழஞ்சொல்லை மேல்பலகைக்குக் கேட்டிருந்தார்கள். பொருநராற்றுப்படையில் யாழின் பத்தல் (குடம்) மேல் வரும் போர்வை தோல். மரத்துக்கு வேண்டாம். மேல்பலகை என்ற சாதாரணச் சொல்லே இருக்கட்டும்.

விலாவும் மேல்பலகையும் சேரும் உள்மூலையில் ஓடும், பாதி அறுத்த பல்வரிசை உள்ள பட்டைக்குப் ‘பற்பட்டை’ என்று தம்பி வைத்திருப்பது நன்றாக இருக்கிறது. ஸ்பானிய முறையில் அதற்குப் பதிலாகச் சின்னச்சின்னக் கட்டைகளை ஒவ்வொன்றாக ஒட்டுவார்கள். அதைக் ‘கோணக்கட்டை’ என்று பிரித்துவிடலாம். கிட்டாரைக் குப்புறப் போட்டுக் கட்டும் அச்சுப்பலகை சொலேராவாகவே இருக்கட்டும். அதன் கீழ்ப்பாதியில் லேசாகக் குழிவு எடுத்திருப்பார்கள் என்பதை மட்டும் அடைப்புக்குள் விளக்கிவிடுங்கள், தம்பி.

மரப்பெயர்களில் ஒரு திருத்தம். வரைவில் ‘ரோஸ்வுட்’ என்பதற்குச் செம்மரம் என்று போட்டிருக்கிறது. செம்மரம் வேறு, செஞ்சந்தனம். பின்பலகைக்கும் விலாவுக்கும் போவது ஈட்டி, தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலை மரம். பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது அரிதாகி, மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ஈட்டிக்கு மாறியது முதல் உலகக் கிட்டார்கள் பலவற்றுக்கு முதுகு நம்மூர் மலைச்சரிவுதான். பிரேசில் மரத்தின் வணிகத்துக்கு 1992இலேயே பன்னாட்டுத் தடை வந்துவிட்டது. 2017இல் அந்தப் பேரின மரங்கள் எல்லாமே கட்டுப்பாட்டுக்குள் வந்தன. இரண்டு ஆண்டு கழித்து, பிரேசில் மரம் நீங்கலாக, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்குக் கொடுத்தார்கள். கையேட்டில் மரம் வாங்கும் பகுதியில் இது ஒரு வரியாவது வேண்டும். விரற்பலகைக்குக் கருங்காலி சரியே. கோடரிக்குக் காம்பானவன் என்று திட்டு வாங்கும் மரம், இங்காவது நல்ல வேலைக்குப் போகிறது.

வரிச்சுக்கு மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். இல்லையென்றால் தம்பி அத்தியாயத்தைத் தொடரட்டும். எனக்குத் திருப்தியில்லாதது ‘குடைந்த வரிச்சு’ மட்டும். குடைதல் என்றால் துளை போடுவதாக எடுத்துக்கொள்வார்கள். இங்கே நடுவில் பள்ளம் விழும்படி வளைவாகச் சீவுகிறோம். ‘பள்ள வரிச்சு’, ‘அலை வரிச்சு’ இரண்டையும் யோசித்தேன், ஒட்டவில்லை. தச்சர் குடும்பத்து நண்பர்கள் யாராவது இருந்தால், இப்படி நடுவில் ஒடுக்கிச் சீவுவதற்கு உங்கள் வீட்டில் என்ன சொல்வார்கள்?

அன்புடன்,
கோயம்புத்தூரிலிருந்து