உடைந்த கப்பலின் உயிர்காப்புக் கலங்களைச் சுட்டால் போர்க்குற்றமா?

கேள்வி:
கதையில் ஒரு போர்க்கப்பல் சுற்றுப்பாதையில் உடைகிறது. 40 உயிர்காப்புக் கலங்கள் பிரிந்து, கீழே உள்ள தங்கள் சொந்தத் தளத்தை நோக்கி இறங்குகின்றன. விட்டுவிட்டால் அதே ஆட்கள் அடுத்த வாரம் வேறு கப்பலில் ஏறி வருவார்கள். வென்ற தளபதி சுட்டால் இன்றைய சட்டம் என்ன சொல்லும்? ஜெனீவா ஒப்பந்தங்களில் விண்வெளியே கிடையாதே?

பதில் 1:
குற்றம்தான். ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறையின் 42-ஆம் பிரிவைப் பாருங்கள். அடிபட்ட விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிப்பவரை, இறங்கும்போது தாக்கக் கூடாது. சொந்த மண்ணில் இறங்குபவருக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு வேண்டாம் என்று நெறிமுறையை எழுதிய மாநாட்டிலேயே கேட்டார்கள். இறுதி வாசகத்தில் அது ஏறவில்லை. ஆக, உங்கள் தளபதியின் வாதம் ஏற்கெனவே தோற்றுப்போன வாதம். விண்வெளியைப் பொறுத்தவரை, 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 3-ஆம் பிரிவே சர்வதேசச் சட்டத்தை அங்கே கொண்டுபோய் வைத்துவிடுகிறது.

பதில் 2:
அதே 42-ஆம் பிரிவின் கடைசி வரியையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: வான்வழி இறங்கும் தாக்குதல் படைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. எனவே தளபதியின் திரையில் என்ன தெரிகிறது என்பதை எழுதுங்கள். தப்பிய கலங்கள் உருண்டுகொண்டே, ஆளுக்கொரு திசையில், அபாய சமிக்ஞையோடு போகும். தாக்க வருபவை சேதமில்லாத தாய்க்கப்பலிலிருந்து வரிசையாகப் பிரிந்து, ஒரே நேரத்தில் எஞ்சினை எரித்து, ஒரே இலக்கை நோக்கி இறங்கும். அபாய சமிக்ஞையைப் போட்டு நம்பவைத்து, அந்த நம்பிக்கையைப் பயன்படுத்தி எதிரியைக் கொன்றால், அது அதே நெறிமுறையின் 37-ஆம் பிரிவு சொல்லும் நம்பிக்கைத் துரோகம். அதன் விலையை அடுத்த சண்டையில் உண்மையாகவே தப்பி வருபவர்கள் கொடுப்பார்கள். கதைக்கு நல்ல முடிச்சு இதில்தான் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்:
கலங்களை விட்டால் தன் இருப்பிடம் தெரிந்துவிடும், அதனால் சுட்டேன் என்று தளபதி சொன்னால்?

பதில் 3:
அச்சு அசலாக அதையே சொன்னவர், இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன் நீர்மூழ்கித் தளபதியாக இருந்த ஹைன்ஸ் எக். 1944 மார்ச்சில் அவருடைய யு-852 நீர்மூழ்கி, பெலியஸ் என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. பிறகு தப்பியவர்கள் பற்றியிருந்த மிதவைகள்மீது இயந்திரத் துப்பாக்கியால் சுட்டு, கையெறி குண்டும் வீசினார்கள். மிதக்கும் சிதைவுகள் விமானங்களுக்குத் தடயமாகிவிடும் என்றார் எக். ஆனால் ஓடித் தப்புவதை விட்டுவிட்டு மணிக்கணக்கில் அங்கேயே நின்று சுட்டிருந்தார். 1945-இல் ஹாம்பர்கில் கூடிய பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் வாதத்தை ஏற்கவில்லை. அவரும் இன்னும் இருவரும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். விண்வெளியில் இந்த வாதம் இன்னும் பலவீனம். வெடித்த கப்பலின் வெப்பம் எப்படியும் தெரியும். கலங்களை உடைத்தால் உங்கள் பாதையிலேயே சிதறல்கள் கூடும்.

பதில் 4:
சுடாமல் இருந்தால் மட்டும் போதாது. இரண்டாம் ஜெனீவா ஒப்பந்தத்தின் 18-ஆம் பிரிவு, சண்டை முடிந்ததும் கப்பல் இழந்தவர்களைத் தேடி மீட்க ‘இயன்ற எல்லா நடவடிக்கையும்’ எடுக்கச் சொல்கிறது. அது கடலுக்கு எழுதியது, ஆனாலும் தளபதிக்குச் சரியான அளவுகோல். ‘இயன்ற’ என்பதை எரிபொருள் தீர்மானிக்கும். பூமியின் தாழ்வான சுற்றுப்பாதையில் வேகம் நொடிக்குச் சுமார் 7.8 கி.மீ.; சுற்றுப்பாதையின் சாய்வை 60 டிகிரி திருப்ப, அதே நொடிக்கு 7.8 கி.மீ. அளவுக்கு வேகத்தை மாற்றும் எரிபொருள் முழுசாகச் செலவாகும். அவ்வளவு இல்லையென்றால் மீட்காமல் போகலாம். ஆனால் ஒவ்வொரு கலத்தின் பாதை விவரத்தையும் திறந்த அலைவரிசையில் அறிவித்துவிட்டுப் போக ஒரு சொட்டு எரிபொருளும் ஆகாது. அதைச் செய்யாத தளபதிக்கு ‘இயலவில்லை’ என்ற சாக்கு கிடையாது.