சிக்குன்குனியா போயும் அம்மாவுக்கு வலி விடல, தெரிஞ்சவங்க சொல்லுங்க

வணக்கம். எங்க ஊர் திருவையாறு பக்கம். தீபாவளிக்கு முன்னாடி அம்மாவுக்குச் சிக்குன்குனியா வந்துச்சு, வயசு 54. காய்ச்சல் அஞ்சு நாள்ல போயிடுச்சு. மூணு மாசமா மூட்டுவலி மட்டும் போகல. காலையில கோலமாவை விரலிடுக்குல பிடிக்க முடியல. காபி டம்ளரை ரெண்டு உள்ளங்கையாலயும் அணைச்சுத்தான் தூக்குறாங்க.

மாதவிலக்கு நின்னு ரெண்டு வருஷம் ஆச்சு. ஈஸ்ட்ரோஜன்ங்கற பெண் ஹார்மோன் குறைஞ்சா இன்டர்லூகின்-6 மாதிரி அழற்சியைத் தூண்டுற புரதங்கள் கூடும்னு படிச்சேன். வலி நீடிக்க அதுவும் காரணமா?

பெரிய பயம் வேற. மருந்துக்கடையில சீட்டு இல்லாம குடுத்த டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மாத்திரையை ஒரு மாசமா சாப்பிட்டிருக்காங்க, நேத்துதான் தெரிஞ்சுது. நம்ம அட்ரினல் சுரப்பியிலேர்ந்து வர்ற கார்டிசோல்ங்கற ஹார்மோன் செய்யுற வேலையை அது பல மடங்கு செய்யும். 2020-ல பிரிட்டன்ல நடந்த ரெகவரிங்கற மருந்து ஆய்வுல ஆக்ஸிஜன் தேவைப்பட்ட கோவிட் நோயாளிகளோட சாவைக் குறைச்சதும் இதுதான். ஆக்ஸிஜன் தேவைப்படாதவங்களுக்கு அதனால பலன் இல்ல. இந்த மருந்து வெளியிலேர்ந்து வந்துகிட்டே இருந்தா அட்ரினல் சுரப்பு அடங்கிடும், சட்டுனு நிறுத்தினா ஆபத்து. சர்க்கரையும் ஏறும்.

தஞ்சாவூர், கும்பகோணம், திருச்சியில நல்ல மூட்டுவாத நிபுணர் யாராவது தெரியுமா? டாக்டர் சொல்படி இந்த மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சவங்க, எத்தனை வாரம் ஆச்சுன்னு சொல்லுங்க. சம்பா அறுப்பு முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்ங்கறாங்க அம்மா. இந்த வாரமே கூட்டிட்டுப் போகணும்.